மிதத்தலும் அமிழ்தலும்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே மோதரகம் ஆறு வரை நீண்டு கிடப்பது. கடல், களப்பு, ஆற்றுமுகம், உப்பளம் என நீரானது நான்கு வேடம் புனைந்து நிற்கும் இக்கரையில் வாழ்வோர், மிதப்பனவற்றையும் அமிழ்வனவற்றையும் நாடோறும் கையாளுகின்றனர். உடப்பிலே கரைவலை இழுப்போர் வலையின் மேற்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயமும் கட்டுவர். பாலாவியில் உப்பு விளைப்போர் பாத்தி நீரில் நீரமானியை மிதக்கவிட்டு அளவு பார்ப்பர். கற்பிட்டியில் மீன்பிடிப்போர் படகின் விளிம்புக்கும் நீருக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாற் கண்டே, இன்னும் எத்துணைப் பாரம் ஏற்றலாம் என மதிப்பர். ஆயினும், ஏன் ஒரு பொருள் மிதக்கின்றது, ஏன் மற்றொன்று அமிழ்கின்றது என வினவின், "இலேசானது மிதக்கும், பாரமானது தாழும்" என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது. பள்ளி மாணவர் கூறுவதும் அதுவே.

இவ்விடை பொய்யெனக் காட்டுதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கும் அனல்மின் நிலையத்துக்கு வேண்டிய நிலக்கரி கடல் வழியாகவே வருகின்றது. கரையோரக் கடல் பெருங் கப்பல் அணுகுதற்குப் போதிய ஆழமுடையதன்று. ஆதலின் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில், உருக்காலாகிய பாரப்படகுகள் நிலக்கரியைச் சுமந்து இறங்குதுறைக்குக் கொணர்கின்றன. உருக்கு ஒரு துண்டைக் கடலில் இட்டால் அமிழும். நிலக்கரி ஒரு கட்டியை இட்டாலும் அமிழும். அமிழும் இரண்டும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான தொன் நிறையுடன் மிதந்து வருகின்றன. அதே கரையில், சிறுவன் ஒருவன் எறியும் கைப்பிடிக் கூழாங்கல் கணப்பொழுதில் மறைகின்றது. பாரமே காரணமாயின் கல் மிதந்து படகு அமிழ்ந்திருத்தல் வேண்டும்.

உண்மையில், மிதக்கவிருக்கும் பொருளை மட்டும் நிறுத்துப் பார்ப்பதே இவ்வழுவுக்கு மூலம். பொருள் புகும்பொழுது எவ்வளவு நீர் விலகி இடம் விடுகின்றதோ, அந்த நீரையும் உடன் நிறுத்தல் வேண்டும். இவ்வுண்மையை முதன்முதல் முறையாக நிறுவி எழுதி வைத்தவர், கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்கியூசு நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீசு என்னும் கிரேக்கப் பேரறிஞர். மிதக்கும் பொருள்களைப் பற்றி அவர் இயற்றிய நூல் இன்றும் உளது. மன்னன் ஈரோவின் பொன்முடியில் வெள்ளி கலந்ததைக் குளிக்கும் தொட்டியிற் கண்டறிந்து, ஆடையின்றித் தெருவில் ஓடினார் என்னும் கதையோ அந்நூலில் இல்லை. அவர் மறைந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து உரோமச் சிற்பநூலாசிரியர் விற்றுருவியசு எழுதியது அது. தொட்டியினின்றும் வழியும் நீரை அளந்து அத்துணை நுண்ணிய வேறுபாட்டை அறிதல் இயலாது, நீருள் அமிழ்த்தித் தராசில் நிறுத்தே அறிந்திருத்தல் வேண்டும் எனக் கலிலியோ தம் இளமையில், 1586ஆம் ஆண்டு, ஒரு சிறு கட்டுரையில் வாதித்தார். கலிலியோவின் கருத்தே பொருத்தமுடையது. ஆயினும் வகுப்பறைகளில் ஓடும் மனிதனே நினைவில் நிற்கின்றான், தராசு நிற்பதில்லை.

நீர் ஏன் மேனோக்கி உதைக்க வேண்டும்? இதற்கு விடை அமுக்கத்தில் உளது. கடலில் ஒரு மீற்றர் ஆழம் இறங்குந்தோறும், ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின் மீது ஏறத்தாழ 1,025 கிலோகிராம் நிறையுள்ள நீரின் அமுக்கம் கூடுகின்றது. பக்கம் ஒரு மீற்றரான ஒரு கனசதுரக் கல்லை, அதன் மேல்முகம் ஒரு மீற்றர் ஆழத்தில் இருக்கும்படி கடலினுள் தொங்கவிட்டதாகக் கொள்க. மேல்முகத்தை நீர் 1,025 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் கீழ்நோக்கி அழுத்தும். கீழ்முகம் இரண்டு மீற்றர் ஆழத்தில் இருத்தலின், அதனை 2,050 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் மேனோக்கி அழுத்தும். பக்கங்களில் அழுத்துவன ஒன்றையொன்று எதிர்த்து அழியும். எஞ்சுவது 1,025 கிலோகிராம் நிறையளவான மேலுதைப்பு. ஒரு கன மீற்றர்க் கடல்நீரின் நிறையும் அதுவே. கல்லைப் பத்து மீற்றர் ஆழத்துக்கு இறக்கினும் மேல்முகத்தும் கீழ்முகத்தும் அமுக்கம் ஒரே அளவாற் கூடுமாதலின், வேறுபாடு மாறாது. ஆழம் மிகுதியான இடத்திற் கப்பல் நன்றாக மிதக்கும் எனச் சிலர் எண்ணுவது இதனாற் பொருந்தாமை காண்க. அடி தட்டாத அளவு நீர் இருந்தாற் போதும்.

இனிக் கணக்கு எளிது. அக்கருங்கல்லின் நிறை ஏறத்தாழ 2,700 கிலோகிராம், மேலுதைப்பு 1,025. நிறை விஞ்சுதலின் கல் தாழும். ஆனால் நீருள் அதனைத் தூக்குவோனுக்கு 1,675 கிலோகிராம் அளவே கனக்கும். கிணற்றில் விழுந்த அம்மியை நீர்மட்டம் வரை எளிதில் இழுத்து, நீரைவிட்டு வெளிவந்ததும் கயிறு கையை அறுப்பதை உணர்ந்தோர் இதனைச் செய்து பார்த்தோரே. அதே பருமனுள்ள மென்மரக்கட்டையின் நிறை 500 கிலோகிராம் என்க. முழுவதும் அமிழ்ந்தால் மேலுதைப்பு 1,025 ஆகும். ஆதலின் அது மேலெழும். 500 கிலோகிராம் நீரை மட்டும் விலக்கும் அளவுக்கு அமிழ்ந்து அங்கே நிலைபெறும். மிதக்கும் பொருள் எதுவாயினும், தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை விலக்கி நிற்கின்றது. அவ்வளவு நீரை விலக்குதற்கு வேண்டிய கனவளவு இல்லாதது அமிழ்கின்றது.

உருக்குப் படகின் புதிரும் இங்கு அவிழ்கின்றது. நீளம் 60 மீற்றர், அகலம் 20 மீற்றர் கொண்ட பெட்டி வடிவான ஒரு பாரப்படகைக் கொள்க. வெறும் படகு 800 தொன், நிலக்கரி 3,000 தொன் எனின், மொத்தம் 3,800 தொன். கடலில் ஒவ்வொரு மீற்றர் ஆழம் அமிழும்பொழுதும் அது 1,230 தொன் நீரை விலக்கும். ஆகவே மூன்று மீற்றருக்குச் சற்று மேலாக அமிழ்ந்ததும் நிறை ஈடுசெய்யப்படும். நீரை விலக்குவது உருக்கு மட்டும் அன்று. உருக்குச் சுவர் சூழ்ந்த வெற்றிடமும் சேர்ந்தே விலக்குகின்றது. சுவரில் ஓட்டை விழுந்து நீர் உட்புகுந்தால் அவ்வெற்றிடம் தொழிலை இழக்கும். பின் உருக்கு உருக்காகவே நடந்துகொள்ளும்.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பாற் கடலில் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலக் கப்பல், ஜூன் மாதத்தில் நீர் புகுந்து அமிழ்ந்தது. அதில் இருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளோ அமிழவில்லை. பொலித்தீன் நன்னீரினும் சற்று அடர்த்தி குறைந்தது. கடல்நீர் அதனை எளிதில் ஏந்தும். கப்பல் கீழே போக, அதன் சரக்கு அலைமேல் ஏறி, நீர்கொழும்பு முதலாக மேற்குக் கரையோரம் நெடுகப் பனிபோல வெண்மையாகக் குவிந்தது. இரும்பு போன்று அமிழும் பொருளாயின் ஓரிடத்திற் கிடந்திருக்கும். மிதந்தமையாலேயே அத்தீங்கு பரந்தது. இதே கரையில், 1344ஆம் ஆண்டு புத்தளத்தில் இறங்கிய மொறொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததாகத் தம் பயண நூலில் எழுதியிருப்பதும் நினைக்கத்தக்கது. மிதப்பவற்றைக் கடல் எந்நாளும் கரையில் ஒப்படைத்தே வந்திருக்கின்றது.

இதுகாறும் நீர் என்றது ஒரே அடர்த்தியுடைய ஒன்றெனக் கொள்ளப்பட்டது. புத்தளத்திலோ அவ்வாறு கொள்ளுதல் தகாது. ஒரு கன மீற்றர் நன்னீர் 1,000 கிலோகிராம். கடல்நீர் ஏறத்தாழ 1,025. ஒரு பொருள் அதே பருமனுள்ள நன்னீரைப்போல் எத்தனை மடங்கு நிறையுடையது என்பதைக் காட்டும் எண்ணைத் தன்னீர்ப்பு என்பர். கடல்நீரின் தன்னீர்ப்பு 1.025. புத்தளக் களப்பு வடக்கே கடலோடு திறந்திருப்பது. கலா ஓயாவும் மீ ஓயாவும் அதனுள் நன்னீரைக் கொட்டுகின்றன. மாரியில் ஆற்றுநீர் மிகுந்து களப்பின் உவர் குறையும். கோடையிலோ, ஆழங் குறைந்த நீர்ப்பரப்பு வெயிலில் வற்ற, கடல்வாயினின்றும் தொலைவான தென்பகுதியில் உவர் கடலினும் மிஞ்சிவிடும். ஆகவே கலா ஓயாவின் முகத்திற் புறப்பட்டுத் தெற்கே செல்லும் ஒரு வள்ளம், பாரம் ஒன்றும் இறக்காமலே, வழியிற் சிறிது மேலெழும். மேற்கூறிய பாரப்படகைக் கடலினின்றும் நன்னீருக்குக் கொண்டு சென்றால் எட்டுச் சென்ரிமீற்றர் வரை கூடுதலாக அமிழும். நீந்தக் கற்போர் குளத்தினும் கடலில் இலகுவாக மிதப்பதன் காரணமும் இதுவே. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்குக் கடல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் கூடுதலாகத் தோள் கொடுக்கின்றது. தலையை நீருக்கு மேல் வைத்திருக்க முயல்வோனுக்கு அது சிறு உதவி அன்று.

நன்னீர் இலேசானதாகையால், ஆற்று வெள்ளம் களப்பினுட் புகும்பொழுது உடனே கலந்துவிடாது, உவர்நீரின் மேல் ஓர் அடுக்காகப் படர்ந்து செல்வதும் உண்டு. நீரின் மீது நீரே மிதக்கின்றது. இது வேடிக்கையாகத் தோன்றினும், உப்பளத்தில் வேடிக்கையன்று. ஒருவரது பல வாரத்து உழைப்பைக் காக்கும் செய்தி.

உப்பளத்தில் நீரின் அடர்த்தியே தலைமை அதிகாரி. முதற் பாத்திகளில் விடப்படும் நீர் வெயிலாலும் காற்றாலும் வற்றி, ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளைக் கடந்து செறிவடைகின்றது. அச்செறிவை அளக்கும் கருவி நீரமானி. கீழே ஈயக்குண்டு இட்ட குமிழும், மேலே மெல்லிய காம்பும் உடைய கண்ணாடிக் குழாயே அது. அதன் நிறை ஒருபோதும் மாறுவதில்லை. ஆகவே அது விலக்க வேண்டிய நீரின் நிறையும் மாறுவதில்லை. நீர் செறிந்ததாயின் சிறு கனவளவை விலக்கினாலே அந்நிறை கிடைத்துவிடும். எனவே காம்பு உயர எழும். நீர் இலேசானதாயின் கருவி தாழும். இதனால், காம்பில் எண்கள் மேலிருந்து கீழ்நோக்கிக் கூடிச் செல்லுமாறு பொறிக்கப்பட்டுள்ளன. புதிதாகக் காண்போர் இதனைத் தலைகீழென மயங்குவதுண்டு; கருவி எவ்வளவு உயர எழுகின்றதோ அவ்வளவு பெரிய எண் நீர்மட்டத்தில் நிற்கும் என உணரின் மயக்கம் தீரும்.

உப்பளங்களில் வழங்கும் அளவுமுறை, பிரான்சு தேசத்து மருந்தாளர் அந்துவான் போமே 1768ஆம் ஆண்டு வகுத்தது. அவர் பெயராலேயே போமே பாகை எனப்படுவது. நன்னீரில் 0 பாகை. கடல்நீரில் ஏறத்தாழ மூன்றரைப் பாகை. 145இலிருந்து பாகையைக் கழித்து, வரும் எண்ணால் 145ஐ வகுத்தால் தன்னீர்ப்புக் கிடைக்கும். நீர் வற்றி 13 பாகையை அணுகும்பொழுது, தன்னீர்ப்பு 1.10 ஆகின்றது, அப்பொழுது கல்சியம் சல்பேற்றாகிய சிப்சம் அடியிற் படியத் தொடங்கும். உண்ணும் உப்பாகிய சோடியங்குளோரைட்டு அப்பொழுது வாராது. நீர் முதலளவிற் பத்திலொரு பங்காகச் சுருங்கி, 25 பாகையைத் தாண்டி, தன்னீர்ப்பு 1.21 ஆன பின்னரே படிகங்கள் தோன்றும். 29 அல்லது 30 பாகையில், தன்னீர்ப்பு 1.25ஐ அடைந்ததும், எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும். அந்நீரில் மகனீசிய உப்புக்கள் செறிந்திருக்கும். அவை கலந்தால் உப்புக் கசக்கும்; காற்றின் ஈரத்தை உறிஞ்சி மூட்டையிலேயே கசியும். ஆகவே 25க்கு முன் நீரை விளைபாத்திக்கு விட்டவன் உப்போடு சிப்சமும் பெறுகின்றான். 30க்குப் பின்னும் வடிக்காதவன் கசப்பைப் பெறுகின்றான். விலை போகும் உப்பு முழுவதும் ஒரு கண்ணாடிக் காம்பின் ஐந்து கோடுகளுக்கிடையே விளைகின்றது.

நீரமானி இல்லாத வீட்டில் முட்டையே நீரமானியாக உதவும். ஊறுகாய்க்கு உப்புநீர் கரைக்கும் பெண்டிர், அதில் முட்டை மிதந்தாற் செறிவு போதும் எனக் கொள்வதுண்டு. புதிய முட்டையின் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.08, எனவே அது கடல்நீரில் அமிழும், செறிந்த உப்புநீரில் மிதக்கும். ஆனால் முட்டை நாட்செல்லச் செல்ல ஓட்டின் நுண்டுளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெருத்து, இறுதியில் நன்னீரிலும் மிதந்துவிடும். பழைய முட்டையைக் கண்டறிய இது நல்ல வழி. உப்புநீரை அளக்கவோ முட்டையின் வயது தெரிந்திருத்தல் வேண்டும். கண்ணாடிக் கருவிக்கு வயது ஏறுவதில்லை. அதற்கும் ஒரு குறை உண்டு: நண்பகல் வெயிலில் காய்ந்த நீர் விரிந்து இலேசாதலின், கருவி உள்ளதினும் குறைந்த பாகையைக் காட்டும். வெப்பநிலைக்கேற்பத் திருத்தாது நண்பகல் அளவையும் காலை அளவையும் ஒப்பிடுதல் தவறு.

விளைபாத்தியில் எதிர்பாரா மழை பெய்தால் என்ன செய்வது? மழைநீரின் தன்னீர்ப்பு 1.00, கீழே கிடக்கும் உப்புநீருடையது 1.2. இத்துணைப் பெரும் வேறுபாட்டால் மழைநீர் உடனே கலவாது மேலே மிதந்து நிற்கும். பாத்தியில் இறங்கிக் கலக்காது, காற்று மிகுமுன் மேலடுக்கை மட்டும் மெல்ல வழியவிட்டால், பல வார வெயில் செறிவாக்கிய நீர் பிழைக்கும். கலங்கிவிட்டால் வெயிலின் வேலை முதலிலிருந்து தொடங்க வேண்டியதே.

உப்பளத்தை விட்டுக் கடலுக்குத் திரும்பின், முத்துக் குளித்தோர் இவ்விதியை எதிர்ப்புறமாகக் கையாண்டமை தெரியவரும். நுரையீரல் நிறைய மூச்செடுத்த மனித உடல் கடல்நீரினும் இலேசானது. அமிழ விரும்பினும் அமிழாது. ஆகையால் மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களிற் குளிகாரர் கயிற்றிற் கட்டிய கல்லில் காலை வைத்தே இறங்கினர். ஆனால் பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பாக, மார்பினுள் இருக்கும் காற்றுப் பாதியாகச் சுருங்கும். உடல் விலக்கும் நீர் குறையும். மேலே மிதந்த உடல் கீழே தானாகத் தாழத் தொடங்கும். மேலே கல் வேண்டியவனுக்குக் கீழே கயிறு வேண்டும். மீன்கள் தம் உடலினுள் உள்ள காற்றுப்பையாற் செய்யும் வேலையை மனிதன் கல்லாலும் கயிற்றாலும் செய்தான்.

இனிக் கலங்களைப் பற்றி. இக்கரையில் நெடுங்காலம் வழங்கிய தெப்பம், மென்மரக் கட்டைகள் சிலவற்றைப் பிணைத்தது; ஆங்கிலத்தாரும் கடன்கொண்ட கட்டுமரம் என்னும் சொல் குறிப்பதும் இவ்வினத்தையே. அதற்கு உட்குழிவு இல்லை. நீர் புகுதற்கு வழியும் இல்லை. அலை மேலால் அடித்துச் சென்றாலும் கட்டைகளின் இடுக்கால் வடிந்துபோம். கட்டைகளின் மொத்தக் கனவளவு 0.6 கன மீற்றர் எனக் கொள்க. முழுவதும் அமிழ்ந்தால் மேலுதைப்பு 615 கிலோகிராம். உலர்ந்த கட்டைகள் 300 கிலோகிராம் எனின், இன்னும் 315 கிலோகிராம் சுமக்கலாம். நாள்தோறும் நீரிற் கிடந்து ஊறி அவை 420 கிலோகிராம் ஆயினோ, சுமக்கக்கூடியது 195 மட்டுமே. வலையோடு இருவர் ஏறினால் இருக்கை நீர்மட்டத்தில் இருக்கும். கடலிலிருந்து வந்ததும் கட்டைகளை அவிழ்த்து மணலில் உலர்த்தும் வழக்கம், அழுகாமற் காத்தற்கு மட்டும் அன்று என்பது இக்கணக்காற் புலப்படும்.

குடைந்த வள்ளமும் பலகைத் தோணியும் இதனினும் மிகுந்த பாரம் சுமப்பன. உட்குழிவின் பயன் அது. ஆனால் அவற்றிற்கு வேறொரு கவலை உண்டு: கவிழ்தல். கலத்தின் நிறை அதன் புவியீர்ப்பு மையத்தினூடு கீழ்நோக்கி இழுக்கும். மேலுதைப்போ விலக்கப்பட்ட நீரின் மையத்தினூடு மேனோக்கி உதைக்கும். கலம் ஒரு பக்கம் சாய்ந்தால், அப்பக்கம் கூடுதலாக அமிழ்வதால் மேலுதைப்பும் அப்பக்கம் நகர்ந்து கலத்தை நிமிர்த்தும். பாரம் உயரத்தில் இருந்தால் இந்நகர்ச்சி போதாது. நிமிர்த்த வேண்டிய விசையே கவிழ்க்கும் விசையாகும். ஒடுங்கிய வள்ளத்துக்குப் பக்கத்தே மிதவைக் கட்டை ஒன்றைக் கழிகளாற் பிணைப்பது, அகலத்தைச் செலவின்றிப் பெறும் உபாயம். வள்ளத்தில் எழுந்து நின்று வலை வீசுதல் மிக அபாயமாவதும், அலைக்காலத்தில் வலையை அடித்தட்டில் வைத்தல் நலமாவதும் இதன்பாற்படும்.

1960களுக்குப் பின் இலங்கைக் கரைகளிற் பரவி, இன்று புத்தளக் கரையில் எங்கும் காணப்படுவது கண்ணாடி நாராலாகிய படகு. மீனவர் பைபர் படகு என்பர். இது ஊறுவதில்லை, செல்லரிப்பதில்லை, இலேசானது, இயந்திரம் பூட்டி விரைந்தோட வல்லது. தெப்பத்தை இது வென்றது நியாயமே. ஆனால் இவ்வெற்றியோடு தெப்பத்தின் ஒரு குணம் கைநழுவியது. அதனைக் கணக்கிட்டு அறிதல் நன்று. மரத்தோணி நீர் நிரம்பினும் மரம் மிதக்கும். அதனைப் பற்றிக் கிடந்து உயிர் தப்பியோர் பலர். கண்ணாடி நார்ப் பொருளின் தன்னீர்ப்போ ஏறத்தாழ 1.5. படகாக வடிவு கொண்டு வெற்றிடத்தைச் சூழ்ந்துள்ள வரையே அது மிதக்கும். நீர் நிரம்பியதும் கல்லைப்போல நடந்துகொள்ளும்.

படகின் உடல் 300 கிலோகிராம் எனக் கொள்க. 1.5 தன்னீர்ப்புக்கு அதன் பொருள் அடைக்கும் இடம் 200 இலீற்றர். அதனாற் கிடைக்கும் மேலுதைப்பு 205 கிலோகிராம். 95 கிலோகிராம் ஆதரவின்றி எஞ்சுகின்றது. பின்புறத்து இயந்திரம் 45 கிலோகிராம்; அது விலக்கும் நீர் 15 கிலோகிராம் அளவே; எஞ்சுவது 30. இரண்டும் கூட்டின் 125 கிலோகிராம். இந்த 125 கிலோகிராமே நீர் நிரம்பிய படகை அடிக்கு இழுப்பது. அதனை ஈடுசெய்தாற் படகு தாழாது. ரிஜிபோம் போன்ற நுரைப்பொருள் ஒரு கன மீற்றர் 30 அல்லது 40 கிலோகிராம் நிறையுடையது. அது விலக்கும் கடல்நீரோ 1,025. ஆகவே ஏறத்தாழ 130 இலீற்றர் நுரைப்பொருள், அதாவது இருபது இலீற்றர்க் கலன்கள் ஏழு வைக்கும் இடத்துக்குச் சற்றுக் குறைந்தது, படகைக் காக்கப் போதும். நீரிற் கிடந்து படகைப் பற்றுவோன், தலையும் தோளும் வெளியே இருக்க, பத்துக் கிலோகிராம் அளவே பாரம் கொடுப்பான். மூவர்க்கு இன்னும் 30 இலீற்றர் சேர்த்துக்கொள்க.

அந்நுரைப்பொருளை எங்கே வைப்பது என்பதிலும் பௌதிகம் உண்டு. அடித்தட்டின் கீழே வைத்தல் எளிது. ஆனால் நீர் நிரம்பியதும் இலேசான அடி மேலெழ முயன்று படகைக் குப்புறக் கவிழ்க்கும். கவிழ்ந்த படகின் வழுக்கும் அடியைப் பற்றுதல் அரிது. இரு பக்க விளிம்புகளின் கீழும், இருக்கைகளின் உள்ளும், உயரத்தில் வைத்து மூடினால், நீர் நிரம்பிய படகு நிமிர்ந்தபடியே மிதந்து, உள்ளிருப்போர் அதனுள்ளேயே அமர்ந்து நீரை இறைக்க இடங் கொடுக்கும். காற்றறை மட்டும் அமைத்து நுரைப்பொருள் இடாது விடுவோர், அதில் ஒரு வெடிப்பு விழுந்தாற் காற்று வெளியேறி நீர் புகும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மீன் வைக்க இடம் வேண்டி, இருக்கையின் கீழிருந்த நுரைப்பொருளைப் பிடுங்கி எறிபவர் பெறும் இடம் ஏழு தண்ணீர்க் கலன் அளவு.